மேல்முத்திரை குத்திய பழைய அமெரிக்க வெள்ளிக் காசுகள்: புதிதாக வாங்கத் தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

என் முதல் காசுக்கு நான் கொடுத்தது 240 டாலர். 1826-ஆம் ஆண்டு அரை டாலர். முகப்பில் தலை உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆளின் பெயர் குத்தியிருந்தது. "பிலடெல்ஃபியா வெள்ளி ஆசாரி ஒருவருடைய முத்திரை" என்று விற்றவர் எழுதியிருந்தார். நானும் நம்பி வாங்கிவிட்டேன். ஆறு மாதம் கழித்து ஒரு நாணயக் கண்காட்சியில் வயதான வியாபாரி ஒருவர் அதை லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் லென்ஸை என் கையில் கொடுத்து, எழுத்துகளின் அடிப்பகுதியைப் பார்க்கச் சொன்னார். காசு முழுக்கச் சாம்பல் படிந்த கறுப்பு. எழுத்துப் பள்ளத்துக்குள் மட்டும் புது வெள்ளி. காசு உண்மையானது, எழுத்து நேற்றுக் குத்தியது. திருப்பிக் கொடுக்கும் கெடு எப்போதோ முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: காசு ஒரு பொருள், அதன் மேல் இருக்கும் முத்திரை இன்னொரு பொருள். இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்கவேண்டும், தனித்தனியாக விலை போடவேண்டும். விற்பவர் இரண்டையும் ஒரு கதையில் சுற்றிக் கொடுப்பார். அந்தக் கதைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

1. எதைத் தேடுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

அக்கசாலையிலிருந்து வெளிவந்து புழக்கத்தில் இருந்த காசின் மேல், பின்னாளில் யாரோ எஃகு அச்சை வைத்துச் சுத்தியலால் அடித்த குறிதான் மேல்முத்திரை. ஆங்கிலத்தில் கவுன்டர்ஸ்டாம்ப் என்பார்கள், சிலர் கவுன்டர்மார்க் என்பார்கள். இணையத்தில் தேடும்போது இரண்டு சொல்லையும் போட்டுத் தேடுங்கள். தமிழில் 'முத்திரைக் காசு' என்று தேடினால் நம் நாட்டுப் பழங்கால வெள்ளி முத்திரை நாணயங்கள்தான் வரும், அது வேறு துறை.

அமெரிக்கக் காசுகளில் இந்தக் குறிகள் அதிகம் கிடைப்பது பெரிய செம்பு சென்ட்டுகளில். வெள்ளியில் குறைவு, அதனால் விலையும் கூடுதல். வெள்ளிக்குள்ளும் தொடங்குபவருக்கு ஏற்றவை இரண்டு. ஒன்று, 1807 முதல் வந்த கேப்ட் பஸ்ட் அரை டாலர், அதாவது தொப்பி அணிந்த லிபர்ட்டி என்ற பெண் உருவத்தின் மார்பளவுப் படம் கொண்டது. இன்னொன்று, ஸ்பானிய இரண்டு ரியால். ஸ்பானியக் காசு எப்படி அமெரிக்கச் சேகரிப்பில் வருகிறது என்று கேட்கலாம். 1857 பிப்ரவரிச் சட்டம் வரும்வரை அது அமெரிக்காவில் சட்டப்படி செல்லுபடியான பணம். அங்கே கடைக்காரர் கல்லாவில் அதுதான் கால் டாலராக ஓடியது, முத்திரை குத்தியவர்களும் அதில்தான் நிறையக் குத்தினார்கள். தேய்ந்துபோன இரண்டு ரியால் மலிவு. கற்றுக்கொள்ள அதைவிட நல்ல காசு இல்லை.

1794 முதல் 1803 வரையிலான வெள்ளி டாலர்களை இப்போதைக்குத் தொடாதீர்கள். வெறும் காசின் விலையே ஆயிரம் டாலருக்கு மேல் போகும், போலிகளும் அதில்தான் குவிந்திருக்கின்றன.

2. கையில் இருக்கவேண்டிய கருவிகள்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு, ஒரு காலிப்பர், கழுத்து வளையும் ஒற்றை எல்இடி விளக்கு. எல்லாம் சேர்த்து 80 டாலருக்குள் முடித்துவிடலாம். லென்ஸில் மட்டும் கஞ்சம் வேண்டாம். 21 மில்லிமீட்டர் விட்டமுள்ள, நிறம் பிரித்துக் காட்டாத லென்ஸாகப் பாருங்கள். 60 மடங்கு என்று எழுதி ஐந்து டாலருக்கு விற்பதில் எழுத்தின் விளிம்பு ஒழுங்காகத் தெரியாது.

மூலையிலிருந்து தாழ்வாக வெளிச்சம் விழும்படி விளக்கை வையுங்கள். நேர் மேலிருந்து ஒளி வந்தால் பள்ளமும் மேடும் ஒன்றாகிவிடும். காசைத் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் விளக்கை நகர்த்திப் பாருங்கள்.

3. முத்திரையை மறந்துவிட்டு, முதலில் காசைச் சோதியுங்கள்

காசே போலியாக இருந்தால் மேலே என்ன குத்தியிருந்தாலும் பயனில்லை. புதுக் காசின் எடை அளவுகளை ஒரு அட்டையில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

1836 வரையிலான எழுத்து விளிம்பு அரை டாலர்: 13.48 கிராம், ஏறக்குறைய 32.5 மில்லிமீட்டர்.
1836 இறுதியில் வந்த வரி விளிம்பு அரை டாலர்: 13.36 கிராம், 30 மில்லிமீட்டர்.
1853-இல் எடை குறைத்த பிறகு வந்த அரை டாலர்: 12.44 கிராம்.
கால் டாலர், 1836 வரை: 6.74 கிராம். விட்டம் 1828 வரை 27 மில்லிமீட்டர், 1831 முதல் 24.3.
பத்து சென்ட் டைம், 1836 வரை: 2.70 கிராம்.
ஸ்பானிய இரண்டு ரியால்: 6.77 கிராம். தேய்ந்தது 6 கிராமுக்குச் சற்று மேலே நிற்கும்.

தேய்ந்த அரை டாலர் 13 கிராமுக்கும் 13.4-க்கும் நடுவில் வருவது இயல்பு. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முத்திரை குத்தினால் எடை குறையாது. உலோகம் ஓரத்துக்கு ஒதுங்கும், அவ்வளவுதான். "முத்திரை குத்தியதால் எடை குறைந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் அந்தக் காசைக் கீழே வைத்துவிடுங்கள். துளை போட்டிருந்தால் எடை குறையும், ஆனால் துளை கண்ணுக்குத் தெரியும். துளையை அடைத்து மறைத்தும் விற்பார்கள். விளக்கைத் தாழ்த்திப் பார்த்தால் அடைத்த இடத்தில் ஒரு வட்டம் நிழலாகத் தெரியும்.

அடுத்தது விளிம்பு. 1836 வரையிலான அரை டாலரின் விளிம்பில் 'ஃபிஃப்டி சென்ட்ஸ் ஆர் ஹாஃப் எ டாலர்' என்ற எழுத்து ஓடும். புகைப்படத்தில் விளிம்பைக் காட்டாத விற்பனையாளரிடம் விளிம்புப் படம் கேளுங்கள். நல்ல வியாபாரி ஒரு நாளில் அனுப்பிவிடுவார்.

எடை சந்தேகமாக இருந்தால் நீரில் தொங்கவிட்டு நிறுத்துப் பாருங்கள். தராசில் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்துப் பூச்சியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் அடியில் படாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி வரும். இந்தக் காசுகளின் வெள்ளிக்கு அது ஏறத்தாழ 10.3. 13.2 கிராம் காசென்றால் தராசு 1.28 பக்கத்தில் காட்டவேண்டும். 9-க்கும் கீழே விடை வந்தால் அது செம்புக் கலவை. காந்தத்தை மட்டும் நம்பவேண்டாம், பித்தளைப் போலியும் காந்தத்தில் ஒட்டாது.

4. இப்போது முத்திரையைப் பாருங்கள்

நான் பணத்தை இழந்த இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பள்ளத்தின் அடி. பழைய முத்திரை என்றால் காசின் பரப்பில் உள்ள அதே நிறம், அதே அழுக்கு எழுத்தின் அடியிலும் இருக்கும். பெரும்பாலும் அடியில் இன்னும் கறுப்பாகவே இருக்கும், ஏனென்றால் விரல் அங்கே படுவதில்லை. சுற்றிலும் கறுத்து உள்ளே மட்டும் வெளுத்திருந்தால் அது புதுக் குத்து.

இது தெரிந்த ஏமாற்றுக்காரர்கள் கந்தகக் கரைசலில் காசை முக்கி எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிடுவார்கள். அதைக் கண்டுபிடிக்க மேட்டைப் பாருங்கள். இயல்பாகக் கறுத்த காசில் பள்ளம் கறுப்பாகவும் மேடு வெளுப்பாகவும் இருக்கும். கரைசலில் முக்கியதில் மேடும் பள்ளமும் ஒரே கறுப்பு, மை பூசியதுபோல இருக்கும்.

இரண்டாவது, எழுத்தைச் சுற்றி ஒதுங்கிய உலோகம். அச்சு இறங்கும்போது ஓரத்தில் ஒரு மெல்லிய வரப்பு எழும்பும். காசு அதற்குப் பிறகும் கை மாறியிருந்தால் அந்த வரப்புத் தேய்ந்து மழுங்கியிருக்கும். நகத்தால் மெதுவாக வருடினால் புது வரப்புப் பிறாண்டும். மிகத் தேய்ந்த காசில் கூர்மையான வரப்பு என்றால், காசு ஓட்டம் முடிந்த பிறகு குத்தியது என்று பொருள். அது 1860-ஆகவும் இருக்கலாம், போன வாரமாகவும் இருக்கலாம். அந்த நிலையில் நான் வாங்குவதில்லை.

மூன்றாவது, பின்பக்கம். காசை இரும்பு மேல் வைத்து அடிக்கும்போது முத்திரைக்கு நேர் பின்னால் உருவம் தட்டையாகும். அந்தத் தட்டையும் காசின் மற்ற இடங்களைப்போல நிறம் ஏறித் தேய்ந்திருக்கவேண்டும். பின்பக்கத் தட்டைப் பகுதி மட்டும் மினுங்கினால் சந்தேகப்படுங்கள். முன்பக்கத்துக்கு நிறம் ஏற்றியவர்கள் பின்பக்கத்தை மறந்துவிடுவது உண்டு.

நான்காவது, எழுத்தின் வடிவம். அந்தக் காலக் குத்தெழுத்துகள் பெரும்பாலும் செரிஃப் கொண்டவை, அதாவது எழுத்தின் முனைகளில் சிறு கால் இருக்கும். இன்று கருவிக் கடையில் பெட்டியாகக் கிடைக்கும் எழுத்து அச்சுகள் கால் இல்லாத மொட்டை எழுத்துகள். மொட்டை எழுத்து என்பதாலேயே போலி என்று சொல்லிவிட முடியாது, ஆனால் கேள்வி கேட்க அதுவே போதும். கடைக்காரரும் கருவி செய்பவரும் முழுப் பெயரையும் ஒரே அச்சில் வெட்டி வைத்திருந்தார்கள். அதனால் எழுத்துகள் ஒரே கோட்டில், ஒரே ஆழத்தில் நிற்கும். ஒவ்வொரு எழுத்தாகக் குத்தியது மேலும் கீழும் ஆடும்.

இதிலிருந்துதான் மிக உறுதியான சோதனை கிடைக்கிறது. ஒரே அச்சு என்றால் அது பல காசுகளில் பட்டிருக்கும். வேறொரு காசில் அதே முத்திரையின் படம் கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். எழுத்துகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி, உடைந்த முனை, சாய்ந்த புள்ளி எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தவேண்டும். பெயர் ஒன்றாக இருந்தால் போதாது, குறையும் ஒன்றாக இருக்கவேண்டும்.

கடைசியாக, குத்தியதா, செதுக்கியதா என்று பாருங்கள். உளியால் செதுக்கிய அழகான வளைவெழுத்து இருந்தால் அது அன்புக் காசு, லவ் டோக்கன் என்பார்கள். உட்கார்ந்த லிபர்ட்டி உருவம் கொண்ட 'சீட்டட்' டைம்களில் ஏராளம். அதுவும் சேகரிக்கத்தக்கதுதான், ஆனால் விலையும் வேறு, சந்தையும் வேறு. மேல்முத்திரை என்று சொல்லி அதை விற்றால் வாங்காதீர்கள்.

5. யார் குத்தியிருக்கலாம் என்று வகை பிரியுங்கள்

செவ்வகப் பள்ளத்துக்குள் எழுத்து புடைத்து நின்றால், பெரும்பாலும் வெள்ளி ஆசாரியின் முத்திரை. கரண்டியின் பின்னால் அடிக்கும் அதே அச்சு. சுற்றிலும் அந்தச் செவ்வகச் சட்டகம் இல்லாமல் எழுத்தே பள்ளமாக இறங்கியிருந்தால், துப்பாக்கி செய்பவர், உளி, இழைப்புளி செய்பவர், கத்திக் கொல்லர், அல்லது விளம்பரம் செய்த கடைக்காரர். புது அச்சு வந்ததும் கையில் கிடைத்த காசில் அடித்துப் பார்த்ததும் உண்டு.

விளம்பரத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு 'ஹௌக்ஸ் பானசியா, பால்டிமோர்'. ஒரு மருந்து வியாபாரியின் விளம்பரம் அது. கேப்ட் பஸ்ட் அரை டாலர்களில் கிடைக்கிறது. அடையாளம் நிச்சயமானது என்பதால் விலை சாதாரண அரை டாலரைவிடப் பல மடங்கு. 'வோட் த லேண்ட் ஃப்ரீ' என்ற அரசியல் முழக்கம் இன்னொன்று. அது பெரும்பாலும் செம்பு சென்ட்டுகளில்தான் இருக்கும். வெள்ளியில் காட்டினால் இரண்டு மடங்கு கவனத்தோடு பாருங்கள். வாஷிங்டன் தலையும் பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத் தலையும் சிறிய அளவில் குத்திய காசுகளும் உண்டு, 1824-25-இல் லஃபாயெத் அமெரிக்காவைச் சுற்றி வந்த காலத்தோடு தொடர்புடையவை. பெரிய ஏல வரலாறு இல்லாமல் அவற்றை வாங்கவேண்டாம்.

சில குறிகள் அரசாங்கங்கள் குத்தியவை. துளையிட்ட அமெரிக்க வெள்ளிக் காசில் சிறிய ஃப்ளூர் டி லிஸ் மலர் இருந்தால், 1884-இல் போர்ட்டோ ரிக்கோவில் குத்தியதாக இருக்கலாம். கிரீடத்துக்குக் கீழே ஜி.பி. என்ற எழுத்து இருந்தால் 1887-ஆம் ஆண்டு போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளில் குத்தியது. இங்கிலாந்து வங்கி 1797-இல் ஸ்பானிய டாலர்களில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் தலையைச் சின்ன முட்டை வடிவத்தில் குத்தி வெளியிட்டது. அமெரிக்க டாலரில் அதே குறி மிக மிக அரிது, அதனாலேயே போலி அதிகம். சிறு சீன எழுத்தோ வடிவமோ இருந்தால் அது சீன வணிகர்கள் சரிபார்த்துக் குத்திய சாப்மார்க். அதற்குத் தனிச் சேகரிப்பாளர் கூட்டமே இருக்கிறது.

வெறும் எண் மட்டும் இருந்தால்? தொழிற்சாலைக் கருவிச் சீட்டு, துணி வைக்கும் இடத்தின் அடையாளம், எதுவாகவும் இருக்கலாம். காசின் விலைக்கு மேல் ஒரு டாலரும் கொடுக்கவேண்டாம்.

6. பெயரைத் தேடுங்கள், பொறுமையாக

மர்ம முத்திரை என்று விளம்பரம் செய்யப்படும் காசுகளில் பலவற்றின் மர்மம் யாரும் உட்கார்ந்து தேடாததால் வந்தது. பெயரும் ஊரும் இருந்தால் கண்டுபிடிக்க நல்ல வாய்ப்பு உண்டு. முழுப் பெயர் மட்டும் என்றால் பாதிக்குப் பாதி. இரண்டு தலைப்பெழுத்து மட்டும் என்றால் அநேகமாக முடியாது, அதை முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள்.

தேடும் முன் கால எல்லையைக் குறியுங்கள். காசின் ஆண்டுக்கு முன்னால் முத்திரை விழுந்திருக்க முடியாது. 1830-ஆம் ஆண்டு அரை டாலரில் 1825-இல் இறந்த ஆசாரியின் பெயரைப் பொருத்தி விற்பதை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். பின் எல்லை கொஞ்சம் தளர்வானது: ஸ்பானியக் காசு என்றால் 1857-க்குப் பிறகு அது கடைகளிலிருந்து மறையத் தொடங்கியது. அமெரிக்க வெள்ளியும் உள்நாட்டுப் போரின்போது, 1862-இல், கிழக்கு மாநிலங்களில் புழக்கத்திலிருந்து மறைந்தது.

நான் தேடும் வரிசை இது. முதலில் நியூமன் நியூமிஸ்மேட்டிக் போர்ட்டல். பழைய ஏலப் பட்டியல்களும் சங்க இதழ்களும் இலவசமாக இருக்கின்றன, உள்ளே எழுத்துத் தேடல் உண்டு. பிறகு நகர டைரக்டரிகள். அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் பெயர், தொழில், தெரு எல்லாம் போட்டு ஆண்டுதோறும் அச்சிட்டார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ், ஹாத்திட்ரஸ்ட் என்ற இணைய நூலகங்களில் கிடைக்கும். மூன்றாவது, காங்கிரஸ் நூலகத்தின் க்ரானிக்ளிங் அமெரிக்கா. பழைய செய்தித்தாள் விளம்பரங்கள் அதில் வரும். நான்காவது, 1850 மக்கள்தொகைக் கணக்கு. சுதந்திர மக்கள் ஒவ்வொருவர் பெயரையும் தனித்தனியாக எழுதிய முதல் கணக்கு அதுதான், ஆண்களின் தொழிலும் இருக்கும். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

எத்தனை நாள் ஆகும்? கனெக்டிகட் ஊர்ப் பெயரோடு இருந்த ஒரு இரண்டு ரியாலுக்கு எனக்கு எட்டு மாதம் ஆனது. டைரக்டரியில் இல்லை, ஏலப் பட்டியலில் இல்லை. கடைசியில் ஒரு நாளிதழின் மூன்றாம் பக்கத்தில், இழைப்புளி விற்கிறேன் என்று நான்கு வரி விளம்பரம். அன்று இரவு அந்தக் காசை மேசை மேல் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். 45 டாலருக்கு வாங்கிய காசு, இன்றுவரை விற்க மனம் வரவில்லை.

கிடைத்ததும் மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள்: எந்த ஆவணம், எந்தத் தேதி, எந்தப் பக்கம். பக்கத்தைப் படமாகச் சேமியுங்கள். இணைப்பை மட்டும் சேமித்தால் ஒருநாள் அது திறக்காது.

தலைப்பெழுத்து வலையைப் பற்றித் தனியாக எச்சரிக்கவேண்டும். பி.ஆர். என்று இருந்தால் பாஸ்டன் வெள்ளி ஆசாரி பால் ரிவியர், ஈ.பி. என்று இருந்தால் நியூயார்க் பொற்கொல்லர் எஃப்ரைம் ப்ரேஷர் என்று விற்பார்கள். ப்ரேஷர் 1787-இல் ஈ.பி. என்று குத்திய டபுளூன் என்ற தங்கக் காசு ஒன்று 2021 ஜனவரியில் 93.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த விலையைக் காட்டி, ஏதோ ஒரு ஈ.பி. குத்திய தேய்ந்த வெள்ளிக் காசை ஆயிரத்துக்கு விற்கப் பார்ப்பார்கள். அந்த இரண்டு எழுத்தில் பெயர் தொடங்கியவர்கள் அன்று ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அச்சின் வடிவம், சுற்றியுள்ள சட்டகம், எழுத்து எல்லாம் அந்த ஆசாரியின் உறுதியான வெள்ளிப் பாத்திரத்தில் உள்ள முத்திரையோடு பொருந்தினால் மட்டுமே பேச்சு.

7. விலை போடும் முறை

முத்திரை இல்லாமல் அதே தேய்மானத்தில் அந்தக் காசு என்ன விலை என்று முதலில் எழுதுங்கள். மேல்முத்திரை குத்திய காசு சாதாரணச் சேகரிப்பாளருக்குச் சேதமான காசு, அதனால் அந்த விலையில் பாதியை எடுங்கள். அப்புறம் முத்திரைக்கு. அடையாளம் தெரியாத தலைப்பெழுத்துக்கு நான் 10 அல்லது 20 டாலர் கூட்டுவேன். படிக்கத் தெளிவான முழுப் பெயருக்கு 40 முதல் 80 வரை. பெயரும் ஊரும் தொழிலும் ஆதாரத்தோடு இருந்தால் நூற்றுக்கு மேல் போகத் தயங்கமாட்டேன். இது என் கணக்கு. நீங்கள் முடிந்துபோன ஏலங்களைப் பார்த்து உங்கள் கணக்கைப் போடுங்கள். கேட்கும் விலையைப் பார்க்கவேண்டாம், விற்ற விலையைப் பாருங்கள்.

வெள்ளி விலை ஏறும்போது தேய்ந்த காசின் விலையும் ஏறும். எழுத்து விளிம்பு அரை டாலரில் ஏறத்தாழ 12 கிராம் தூய வெள்ளி இருக்கிறது. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பார்த்தால் எதற்குக் கீழே போகாது என்று தெரியும்.

விற்பனைக் குறிப்பில் ப்ரங்க் என்ற பெயரோடு எழுத்தும் எண்ணும் இருந்தால், அது மேல்முத்திரைகளுக்காக அவர் தொகுத்த புத்தகத்தில் உள்ள வரிசை எண். பட்டியலில் உள்ள முத்திரைக்கு விலை கூடும். ஆனால் பட்டியலில் உள்ள பெயரையே போலியாகக் குத்துகிறார்கள் என்பதை மறக்கவேண்டாம். எண் இருந்தாலும் நான்காம் படியைத் தவிர்க்காதீர்கள்.

8. எங்கே வாங்குவது, என்ன காகிதம் வாங்குவது

ஏல நிறுவனம் என்றால் விழுந்த விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் உண்டு, பெரிய நிறுவனங்களில் பெரும்பாலும் 20 சதவீதம் அல்லது அதற்குச் சற்று மேல். 20 சதவீதம் என்றால், 150 டாலருக்குக் கேட்டால் 180 ஆகும், அஞ்சலோடு 195 பக்கம் வரும், மாநில விற்பனை வரி இருந்தால் இன்னும் கூடும். நாணயங்களுக்கு வரி விலக்குத் தரும் மாநிலங்கள் நிறைய, சிலவற்றில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால்தான் விலக்கு. நீங்கள் இருக்கும் அமெரிக்க மாநிலத்தின் விதியை ஒருமுறை படித்துவிட்டு, கேட்கும் உச்ச விலையை இந்தக் கணக்கெல்லாம் கழித்து முடிவு செய்யுங்கள்.

ஈபே என்றால், விவரித்தபடி இல்லை என்று புகார் செய்யப் பொருள் வந்ததிலிருந்து 30 நாள். என் 240 டாலரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய 30 நாள் அதுதான். விற்பவர் "திருப்பி எடுப்பதில்லை" என்று போட்டிருந்தாலும் இந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனால் விவரணையில் "பழைய முத்திரை" என்று தெளிவாக எழுதியிருந்தால்தான் நீங்கள் வாதாட முடியும். "முத்திரை உள்ளது, படத்தைப் பார்க்கவும்" என்று மட்டும் இருந்தால் கேள்வி அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். பட்டியல் பக்கத்தையும் அன்றே படமெடுத்துக்கொள்ளுங்கள்.

கண்காட்சிதான் எனக்குப் பிடித்தது. ஜனவரியில் புளோரிடாவில் அந்த மாநில நாணயச் சேகரிப்பாளர் சங்கமான ஃபன் நடத்தும் கண்காட்சி, ஆகஸ்ட் பக்கம் அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் கண்காட்சி. மலிவு காசுகள் கிடக்கும் பெட்டிகளில் மேல்முத்திரை குத்தியவை மற்ற சேதக் காசுகளோடு கலந்து கிடக்கும். கையில் எடுத்துப் பார்க்கலாம், அது எந்தப் படத்துக்கும் ஈடாகாது. ரசீதில் ஆண்டு, காசு, முத்திரையின் எழுத்து, விலை, "உண்மையானதல்ல என்று தெரிந்தால் திரும்ப எடுப்பேன்" என்ற வரி, கையெழுத்து, எல்லாம் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் நன்றி சொல்லி நகருங்கள்.

காசோடு வரும் பழைய உறை, அட்டைத் துண்டு, ஏலச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய உறையில் பழைய கையெழுத்தில் முத்திரையின் விவரம் இருந்தால், அது அந்த முத்திரை குறைந்தது ஐம்பது ஆண்டாவது பழையது என்பதற்குச் சான்று.

9. பொட்டலம் வந்த நாளே செய்யவேண்டியவை

அன்றே எடை, விட்டம், விளிம்பு, லென்ஸ் சோதனை. இரண்டு பக்கமும் விளிம்பும் படமெடுங்கள். சந்தேகம் இருந்தால் மூன்று நாளுக்குள் விற்பவருக்கு எழுதுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்று இழுப்பதுதான் கெடுவைத் தாண்டவைக்கும்.

திருப்பி அனுப்பும்போது அமெரிக்க அஞ்சலில் ரெஜிஸ்டர்ட் மெயில் பாதுகாப்பானது. உள்நாட்டில் 50,000 டாலர் வரை காப்பீடு செய்யலாம். ஆனால் பிளாஸ்டிக் டேப் ஒட்டியிருந்தால் வாங்கமாட்டார்கள், தண்ணீர் தொட்டு ஒட்டும் காகித டேப்தான் வேண்டும். முதல்முறை நான் அஞ்சலகக் கவுன்டரிலிருந்து திரும்பி வந்ததற்கு அதுதான் காரணம். மெதுவாகத்தான் போகும், இரண்டு வாரம்கூட ஆகும். அதையும் கெடுவில் கணக்கிடுங்கள். மலிவான காசென்றால் நூறு டாலர் காப்பீடு சேர்ந்தே வரும் ப்ரையாரிட்டி மெயில் போதும்.

10. கழுவவேண்டாம், பாலிஷ் வேண்டாம்

எழுத்துக்குள் இருக்கும் அழுக்குதான் உங்கள் சான்று. அதைப் பல்துலக்கியால் தேய்த்து எடுத்துவிட்டால், நாளை வாங்குபவர் புதுக் குத்து என்றே நினைப்பார். நியாயமாகவே நினைப்பார். மென்மையான பிவிசி உறைகள் பச்சைக் கறையை உண்டாக்கும், அவற்றைத் தவிர்த்து மைலார் உறையில் வையுங்கள்.

11. ஸ்லாப் செய்ய (கெட்டி பிளாஸ்டிக் உறையில் அடைக்க) அனுப்பலாமா

பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரப்படுத்தும் நிறுவனங்கள் பெயர் தெரிந்த முத்திரைகளை அங்கீகரித்து உறையிட்டுத் தருகின்றன. தெரியாத தலைப்பெழுத்து என்றால் 'சேதம்' என்று எழுதித் திரும்பி வரவே வாய்ப்பு அதிகம். கட்டணம், கையாளும் செலவு, போகவர அஞ்சல் எல்லாம் சேர்ந்து எனக்கு ஒரு காசுக்கு 70 டாலருக்கு மேல் ஆனது, இரண்டு மாதம் காத்திருந்தேன். 300 டாலருக்குக் கீழான காசுக்கு இது வேண்டாம். பெரிய விலைக் காசை வாங்கும்போது மட்டும், ஏற்கனவே உறையிட்டதாகத் தேடுங்கள்.

12. சட்டம், வரி, காப்பீடு

மேல்முத்திரைக் காசை வைத்திருக்கவோ விற்கவோ அமெரிக்காவில் அனுமதி எதுவும் தேவையில்லை. மோசடி நோக்கத்தோடு காசை மாற்றுவதுதான் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து லாபத்தில் விற்றால், சேகரிப்புப் பொருளுக்கான கூட்டாட்சி வரி 28 சதவீதம் வரை போகலாம். வாங்கிய விலைக்கு ரசீது இல்லையென்றால் விற்ற பணம் முழுவதும் லாபமாகக் கணக்காகும் ஆபத்து உண்டு. அதனால் வாங்குபவர் கட்டணம், அஞ்சல் உட்பட எல்லா ரசீதையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

வீட்டுக் காப்பீட்டை நம்பி இருக்காதீர்கள். வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் நாணயங்களுக்கான வரம்பு 200 டாலர் அளவில்தான் இருக்கும். சேகரிப்பு இரண்டாயிரத்தைத் தாண்டியதும் தனிக் காப்பீடு எடுங்கள். அவர்கள் கேட்பது மூன்று: படம், ரசீது, பட்டியல்.

பட்டியலில் காசுக்கு ஒரு வரி போதும்: எண், ஆண்டு, எடை, முத்திரையில் உள்ள எழுத்து அப்படியே, வாங்கிய நாள், விலை, யாரிடம். கடைசியில் ஒரு கட்டத்தில் 'அடையாளம்' என்று போட்டு, தெரிந்தால் ஆவணத்தை எழுதுங்கள், தெரியாவிட்டால் காலியாக விடுங்கள். ஊகத்தை அந்தக் கட்டத்தில் எழுதவே எழுதாதீர்கள், உங்களுக்குப் பிறகு அதைக் கையில் எடுப்பவர் உண்மையென்று நம்பிவிடுவார். என் பட்டியலில் 41 காசுகள் இருக்கின்றன. 26 கட்டங்கள் இன்னும் காலி.